ஸ்டில்ட் பார்க்கிங்கில் 38 சைக்கிள்: ஸ்டாண்டு எப்படிப் போடலாம்?

கடலோரம்48:

வணக்கம். திருவான்மியூரில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடி. பேஸ்மென்ட் கிடையாது, கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங் மட்டும். இப்போது இருக்கும் சைக்கிள்கள் 38. அதில் 8 சின்னப் பிள்ளைகளுடையவை, 2 ஃபேட் டயர், 3 பேட்டரி சைக்கிள். மீதியில் பாதி கியர் வைத்தவை, பாதி சாதா. எல்லாம் தூணோரமாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் நாலு விழுகிறது.

ஸ்டாண்டு போட அசோசியேஷன் இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறது. கடையில் காட்டியது தரையில் வைக்கிற கம்பி ராக். முன் சக்கரத்தை அதில் செருக வேண்டும், ஒரு ராக்கில் 6 சைக்கிள், பவுடர் கோட்டிங், விலையும் குறைவு. இதையே வாங்கலாமா, பட்டறையில் செய்யச் சொல்லலாமா? ஓரமாக ஒரு கார் பே (ஒரு கார் நிறுத்தும் இடம்) காலி: 2.5 × 5 மீட்டர், அதன் நீளப் பக்கத்தில் லிஃப்டுக்குப் போகும் நடைவழி. இரண்டு இடங்களில் தூணுக்குத் தூண் 4.5 மீட்டர் இருக்கிறது. கடல் பக்கம் என்பதால் துரு பெரிய கவலை.

இருசக்கரம்:

அந்த ராக் வேண்டாம். சைக்கிள் சக்கரம் மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்கத்தான் கட்டப்பட்டது, பக்கவாட்டு இழுப்பு அதற்கு ஆகாது. முன் சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ராக்கில் பக்கத்துச் சைக்கிளை எடுப்பவர் இடித்தாலே மொத்த எடையும் போக்ஸ் கம்பியிலும் ரிம்மிலும் இறங்கும், கோட்டம் விழும். டிஸ்க் பிரேக் என்றால் இன்னும் மோசம். ரோட்டர் (பிரேக் தட்டு) புதிதாக இருக்கும்போதே 1.8 மி.மீ. கனம்தான். ராக் கம்பி முட்டி ஒரு மயிரிழை வளைந்தாலும் சுற்றுக்கு ஒரு தடவை பேடில் உரசிக்கொண்டே இருக்கும். ஃபேட் டயர் 100 மி.மீ. அகலம், அந்த இடுக்கில் நுழையவே நுழையாது. பூட்டவும் முன் சக்கரம் ஒன்றுதான் எட்டும். கையாலேயே கழற்றக்கூடிய குவிக் ரிலீஸ் சக்கரமாக இருந்தால் திருடுபவன் சக்கரத்தை ராக்கில் விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவான்.

சாதா சைக்கிளுக்குத்தான் டபுள் ஸ்டாண்டும் பின் சக்கரப் பூட்டும் இருக்கிறதே என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். டபுள் ஸ்டாண்டு நேராக நிற்கும், இடித்தால் வரிசையாகச் சரியும். பின் சக்கரப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். சைக்கிளை அது எதனோடும் சேர்த்துக் கட்டுவதில்லை. தூக்கி ஆட்டோவில் போட்டால் முடிந்தது.

ஸ்டாண்டு பிடிக்க வேண்டியது ஃப்ரேமை. அதற்குத் தலைகீழ் 'ப' போதும்: ஒரே குழாயை வளைத்து இரண்டு காலையும் தரையில் புதைப்பது. சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஃப்ரேம் இரண்டு இடத்தில் ஒட்டி நிற்கும், உருண்டு ஓடாது. பக்கத்துக்கு ஒன்றாக ஒரு ஸ்டாண்டில் இரண்டு சைக்கிள். தரையிலிருந்து உயரம் 750 மி.மீ., அகலம் 700 முதல் 800 மி.மீ. வரை.

ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே 1 மீட்டர். எல்லாரும் கஞ்சத்தனம் காட்டுவது இதில்தான். எம்.டி.பி. (மவுன்டன் பைக்) சைக்கிளின் ஹேண்டில்பார் 650 மி.மீ.க்கு மேல் வரும். இடைவெளியை 700, 750 என்று சுருக்கினால் நடுவில் நிற்கும் இரண்டு ஹேண்டிலும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். பிறகு ஆட்கள் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவார்கள். வரைபடத்தில் இடம் கூடியிருக்கும், நிற்கும் சைக்கிள் குறைந்திருக்கும். சுவர்ப் பக்கம் ஸ்டாண்டின் முனையிலிருந்து 600 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் முன் சக்கரம் சுவரில் இடித்து, சைக்கிள் வெளியே துருத்தி நிற்கும்.

உங்கள் காலி பே ஓரத்தில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. நீளப் பக்கம் நடைவழி என்பதால் சைக்கிள்களை 2.5 மீட்டருக்குக் குறுக்காக நிறுத்தலாம். 5 மீட்டர் நீளத்தில் 5 ஸ்டாண்டு, 10 சைக்கிள். கடைசி ஸ்டாண்டிலிருந்து ஓரத்துக்கு அரை மீட்டர் விட்டால் கணக்கு சரியாக வரும். சைக்கிள் நீளம் 1.8 முதல் 1.9 மீட்டர். மிஞ்சும் 600 மி.மீ.யை அடுத்த கார் பக்கம் விடுங்கள், கதவு திறக்க வேண்டும். இதே பே இரண்டு காருக்கு நடுவில் மாட்டியிருந்தால் குறுகிய முனை வழியாகத்தான் நுழைய முடியும், 4 சைக்கிளுக்கு மேல் ஒழுங்காக நிற்காது. நடைவழி குறைந்தது 1.5 மீட்டர் வேண்டும். 1.8 இருந்தால் வண்டியைத் திருப்புவது சுலபம்.

தூண்களுக்கு நடுவே 4.5 மீட்டரில் 4 ஸ்டாண்டு வைத்து, இரு முனையிலும் 750 மி.மீ. விடுங்கள். ஆக 5 + 4 + 4 = 13 ஸ்டாண்டு, 26 இடம். ஃபேட் டயர் இரண்டையும் வரிசையின் கடைசியில் வெளிப்பக்கம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் சைக்கிளைப் பெரியவற்றோடு சேர்க்க வேண்டாம். 750 மி.மீ. உயரக் குழாய்க்கு அடியில் அவை நுழைந்துவிடும். தனியாக 450 மி.மீ. உயரத்தில் ஒரு நீளக் கம்பி போட்டால் போதும், அவர்கள் எப்படியும் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள்.

ஒன்றரை_இஞ்ச்:

பைப் விஷயம் மட்டும் நான் சொல்றேன். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்பு), ஒன்றரை இஞ்ச், பி கிளாஸ். வெளி விட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2. பி கிளாஸ்ல நீலப் பட்டை அடிச்சிருக்கும். மஞ்சள் பட்டைன்னா ஏ கிளாஸ், கனம் 2.9, வளைவுல நசுங்குற வாய்ப்பு ஜாஸ்தி. சிவப்புப் பட்டை சி கிளாஸ், 4 மி.மீ., இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்ல. கெட்டியா இருக்கட்டும்னு ரெண்டு இஞ்ச் பைப்புக்குப் போகாதீங்க. சின்ன யூ லாக் (யூ வடிவக் கம்பிப் பூட்டு) ஃப்ரேமையும் பைப்பையும் சேர்த்துச் சுத்தி வராது.

பட்டறையில கேட்டா முதல்ல எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) சதுர பைப்பைத்தான் சொல்வாங்க. மூலையை 45 டிகிரி வெட்டி ஒட்டிடலாம், வேலை சுலபம். ஆனா சதுரத்தோட விளிம்பு ஃப்ரேம் பெயின்டைச் சுரண்டும், வெல்டிங் போட்ட மூலையிலதான் துரு ஆரம்பிக்கும். திருவான்மியூர்ல பவுடர் கோட்டிங் எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கிறீங்க? பூட்டுச் சங்கிலி உரசுற எடத்துல கோட்டிங் போயிடும், அப்புறம் அதுக்கு அடியிலேயே துரு ஓடும். ஜி.ஐ.யில துத்தநாகப் பூச்சு கீறல் விழுந்தாலும் பக்கத்துல இருக்குற இரும்பைக் காப்பாத்தும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாம்னு ஒருத்தர் வருவார். கடையில 304 ரகம்னு சொல்லி 202 ரகம் கொடுப்பாங்க, காந்தம் ரெண்டுலயும் ஒட்டாது. கடல் காத்துல 202 பழுப்பு பூத்துடும்.

வளைக்கறது ஹைட்ராலிக் பெண்டர்ல, பைப் சைஸுக்குச் சரியான டை (வளைவு அச்சு) போட்டு, குளிர்ந்த நிலையிலேயே. வளைவோட நடுக்கோட்டு ஆரம் 200 மி.மீ. இருக்கட்டும். அதுக்குக் கீழே போனா உள்பக்கம் மடிப்பு விழும். கேஸ் வெச்சு சூடாக்கி வளைக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, துத்தநாகம் எரிஞ்சு போயிடும்.

கால் 300 மி.மீ. மண்ணுக்குள்ள போகணும். அப்படிப் போட்டா ஒரு ஸ்டாண்டுக்கு கிட்டத்தட்ட 2.6 மீட்டர். 6 மீட்டர் பைப்புல ரெண்டு ஸ்டாண்டு வந்து 800 மி.மீ. மிஞ்சும். அந்தத் துண்டுல 650 மி.மீ. வெட்டி ஒரு ஸ்டாண்டோட ரெண்டு காலுக்கும் நடுவுல குறுக்கா ஒட்டிடுங்க. உயரம் குறைஞ்ச லேடீஸ் சைக்கிள், 24 இஞ்ச் சைக்கிள் எல்லாம் அதுல சாயும், பூட்டவும் தோதா இருக்கும். 13 ஸ்டாண்டுக்கு 7 பைப் வாங்கணும், 14-ஆவது சும்மாவே கிடைக்கும். அதை கேட்டுக்குப் பக்கத்துல போடுங்க, பேப்பர்காரருக்கும் வேலைக்கு வர்றவங்களுக்கும்.

வெல்டிங் போடுற எடத்துல மட்டும் கிரைண்டர் வெச்சு துத்தநாகத்தை எடுத்துட்டுத்தான் ஒட்டணும். இல்லாட்டி ஒட்டு துளைதுளையா வரும். அந்த வெள்ளைப் புகையை மூடின எடத்துல சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும். ஒட்டினதுக்கு அப்புறம் ஜிங்க் பெயின்ட் ரெண்டு கோட்.

குழி 300 × 300, ஆழம் 400. காலோட அடியில 12 மி.மீ. கம்பி 200 நீளத்துக்குக் குறுக்கா ஒட்டுங்க, பிடுங்கவும் வராது, திருகவும் வராது. கான்கிரீட் 1 : 1½ : 3 (சிமென்ட், மணல், ஜல்லி). மொத்தம் 28 குழி, ஒரு கன மீட்டர் வரும், சிமென்ட் 8 மூட்டை. மேல்மட்டத்தைத் தரையை விட 10 மி.மீ. தூக்கி, பைப்பைச் சுத்திச் சரிவா இழுத்து விடுங்க. ஸ்டாண்டு அரிக்கிறது எப்பவும் பைப்பும் தரையும் சேர்ற வளையத்துலதான். ஸ்டில்ட்னாலும் கார் கழுவுற தண்ணி அங்கேதான் தேங்கும். 7 நாள் தண்ணி காட்டிட்டு அப்புறம் சைக்கிளைச் சாய்க்க விடுங்க.

டிராபிக்_ஜாம்:

ரோட்டில் சைக்கிளுக்குப் பாதையே இல்லாத ஊரில் வீட்டுக்குள்ளே இவ்வளவு செலவு தேவையா? முதலில் மாநகராட்சி பாதை போடட்டும்.

இருசக்கரம்:

பாதை வேண்டும்தான். சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-லேயே கொள்கை ஏற்றது. நடைபாதைகள் சில இடங்களில் அகலமாயின, சைக்கிளுக்குக் கிடைத்தது சொற்பம். அதற்காக ஒரு அசோசியேஷன் தன் கையில் இருப்பதைச் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. பறக்கும் ரயில் நிலையம், காய்கறிக் கடை, டியூஷன் என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடியும் வேலைகளுக்கு ஆட்கள் உள்தெருவில்தான் போகிறார்கள், ஓ.எம்.ஆர். பெரிய சாலைப் பக்கம் போவதே இல்லை. அங்கே தடை தெருவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. சைக்கிளை வெளியே எடுக்க மூன்று வண்டியை நகர்த்த வேண்டும் என்றால் கை தானாக ஸ்கூட்டர் சாவிக்குப் போகும். லிஃப்டிலிருந்து வரும்போது ஸ்கூட்டரை விடச் சைக்கிள் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இவர்கள் பே லிஃப்ட் வழியிலேயே இருக்கிறது. அதைப் பின்சுவர் மூலைக்கு மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடலோரம்48:

விவரமாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு சிக்கல். பழைய பிளானை எடுத்துப் பார்த்தால் தூண் இடைவெளி இரண்டில் ஒன்றுக்கு அடியில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது. மூடி கார் பக்கம் இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. அங்கே குழிக்குப் பதில் துளை போட்டு ஆங்கர் போல்ட் முறுக்கி நிறுத்தலாமா?

ஒன்றரை_இஞ்ச்:

பிளானைப் பார்த்தது நல்லதாப் போச்சு சார். சம்ப் ஸ்லாபுல துளை போடவே கூடாது. ஸ்லாப் கனம் எவ்வளவுன்னு தெரியாம டிரில் விட்டா கம்பியில படும், இல்ல வாட்டர் ப்ரூஃபிங் உடையும், கார் கழுவுற அழுக்குத் தண்ணி குடிதண்ணியில இறங்கும். மத்த எடத்துலயும் குழி தோண்டறதுக்கு முன்னாடி டிரெய்னேஜ் லைன், மோட்டார் லைன், எர்த் கம்பி எங்கே ஓடுதுன்னு பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் வெச்சு சாக்பீஸ்ல கோடு போட்டுக்கோங்க. தூண் அடியை ஒட்டித் தோண்டாதீங்க, 750 மி.மீ. தள்ளித்தான் ஸ்டாண்டு வருது, அதுவே போதும்.

சம்ப் மேல 4 ஸ்டாண்டுக்கு வேற வழி இருக்கு. 75 × 40 மி.மீ. சேனல் (மூணு பக்கம் உள்ள இரும்புச் சட்டம்) ரெண்டு, ஒவ்வொண்ணும் மூணேகால் மீட்டர் நீளம், இணையாப் போட்டு அதுமேல நாலு 'ப'வையும் மீட்டருக்கு ஒண்ணா ஒட்டிடுங்க. தரைக்கு மேல 750 உயரம்தான் வேணும், அதனால காலை 300 குறைச்சே வெட்டலாம். சேனல் மீட்டருக்கு சுமார் 7 கிலோ. நாலு ஸ்டாண்டும் சேர்ந்தா மொத்தம் 75 கிலோவைத் தாண்டும், அதோட எட்டு சைக்கிள் பூட்டியிருந்தா யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. சேனல் எம்.எஸ்.லதான் வரும், ஒட்டி முடிச்ச பிறகு மொத்த ஃப்ரேமையும் ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு (உருக்கின துத்தநாகத்துல முக்கறது) அனுப்பறதா இருந்தா 'ப'வுக்கும் ஜி.ஐ. வாங்காம துத்தநாகம் பூசாத கறுப்பு பைப் வாங்குங்க. அந்த நிலையில பைப்புல காத்துப் போக ரெண்டு முனையிலயும் துளை கட்டாயம், மூடின பைப்பைத் துத்தநாகத் தொட்டியில முக்கினா வெடிக்கும். சேனல்ல கால் தடுக்கும், அதனால நடைவழிப் பக்கம் மஞ்சள் பெயின்ட் அடிச்சு விடுங்க. சம்ப் மூடி திறக்க எடம் இருக்கான்னு பாத்துக்கோங்க.

பூட்டு_கொண்டான்:

26 இடம், பெரிய சைக்கிள் 30. இதற்காக ஸ்டாண்டைக் கூட்ட வேண்டாம். 30-இல் சில சைக்கிள் நிச்சயம் அசையாமல் கிடக்கும், காற்று இறங்கி, செயின் துருப்பிடித்து. யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் எடுத்தால் மறுநாளே சொந்தக்காரர் வந்துவிடுவார். இதற்கு எளிய முறை உண்டு. பின் சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து ஒரு காகித நாடாவைச் சுற்றி ஒட்டித் தேதி எழுதுங்கள். சக்கரம் சுற்றினால் நாடா கிழியும். 30 நாள் கழித்தும் கிழியாதவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இன்னும் 15 நாள் அவகாசம். அதன் பிறகு என்ன செய்வது என்பதை முன்னாலேயே பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி தன் இஷ்டத்துக்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டதாகப் பேச்சு வரக் கூடாது. வேலையை ஸ்டாண்டு போடுவதற்கு முன் முடியுங்கள். போட்ட பிறகு என்றால் செத்த சைக்கிள்கள்தான் முதலில் நல்ல இடத்தைப் பிடித்து உட்காரும்.

பூட்டு: யூ லாக்கை சீட் டியூப் (சீட்டுக்கு அடியில் இறங்கும் ஃப்ரேம் குழாய்), பின் சக்கரம், ஸ்டாண்டு மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். விரல் கன கேபிள் பூட்டை ஒரு கட்டர் நொடியில் நறுக்கிவிடும், அது ஹெல்மெட் தொங்கவிடத்தான் லாயக்கு. சாவித் துளை கீழே பார்க்கும்படி பூட்டினால் தூசியும் ஈரமும் இறங்காது. கடல் காற்றில் சிலிண்டர் இறுகும், மாதம் ஒரு முறை கிராஃபைட் பொடி. தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

ஒரு நின்று அடிக்கும் பம்ப்பை ஸ்டாண்டிலேயே சங்கிலியில் கட்டி வையுங்கள். தலையில் இரண்டு வகை வாயும் வேண்டும். எம்.டி.பி.க்கு மோட்டார் பைக் மாதிரி தடித்த வால்வு, மெல்லிய டயர் கியர் சைக்கிளுக்கு ஒல்லி வால்வு. வால் டியூப் போட்ட பழைய சாதா சைக்கிள் வால்வுக்கும் ஒல்லி வாயே பொருந்தும், தனி வாங்க வேண்டாம். காற்று எவ்வளவு என்பது டயர் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பேட்டரி சைக்கிள் மூன்றுக்கும் ஸ்டாண்டு பக்கத்தில் பிளக் பாயின்ட் கேட்பார்கள். 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்டவைக்குப் பதிவு தேவையில்லை என்பதால் கணக்கில் அவை சைக்கிள்தான், ஆனால் லித்தியம் பேட்டரி லித்தியம் பேட்டரிதான். ராத்திரி முழுக்க ஸ்டில்ட்டில் ஆளில்லாமல், அதுவும் மாடிப்படிக்குக் கீழே, சார்ஜ் போட அனுமதிக்காதீர்கள். கழற்றக்கூடிய பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். கழற்ற முடியாத மாடலுக்கு மட்டும், படியிலிருந்தும் கார்களிலிருந்தும் தள்ளி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்த தனி லைன்.

கடலோரம்48:

நாடா யோசனை அருமை, இந்த வாரமே ஒட்டுகிறோம். ஸ்கூட்டர்காரர்கள் அந்த ஒரு மீட்டர் இடைவெளியில் வண்டியை நுழைத்துவிடுவார்களே, அதற்கு ஏதாவது தடுப்பு உண்டா? கொட்டேஷனில் என்ன எழுதிக் கேட்க வேண்டும்?

இருசக்கரம்:

சைக்கிள் போகும் இடைவெளியில் ஸ்கூட்டரும் போகும், கம்பியால் அதைத் தடுக்க முடியாது. தரையில் சைக்கிள் படம் வரைந்து, விதியையும் அபராதத்தையும் தீர்மானத்தில் சேருங்கள். முதல் மாதம் கண்டிப்பாக இருந்தால் போதும், இடம் நிறைந்துவிட்டால் ஸ்கூட்டர் நுழைய வழியிருக்காது. குழி தோண்டுவதற்கு முந்தைய நாள் எல்லா ஸ்டாண்டையும் சாக்பீஸில் தரையில் வரைந்து, நிஜச் சைக்கிள்களைக் கோட்டின் இரு பக்கமும் ஆள் பிடித்து நிறுத்திப் பாருங்கள். அடுத்த கார்க்காரரை வரவழைத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு வருகிற சண்டைகள் அங்கேயே தீரும்.

ஒன்றரை_இஞ்ச்:

கொட்டேஷன்ல "சைக்கிள் ஸ்டாண்டு 14" அப்படின்னு மட்டும் எழுதினா ஆளுக்கு ஒண்ணு கொண்டு வருவாங்க. பைப் சைஸ், பி கிளாஸ், குளிர் வளைவு ஆரம் 200, தரைக்கு மேல் 750, புதைப்பு 300, அடிக்கம்பி 12, ஒட்டுல ஜிங்க் பெயின்ட் ரெண்டு கோட், இதெல்லாம் எழுதி, சேனல் ஃப்ரேமைத் தனி வரியாக் கேளுங்க. முதல்ல ஒரே ஒரு ஸ்டாண்டு செஞ்சு கொண்டு வரச் சொல்லிப் பாருங்க. வளைவுல விரலை ஓட்டினா தட்டையாத் தெரியக் கூடாது. பைப் வெட்டறதுக்கு முன்னாடி முழு நீளத்தைத் தராசுல போடச் சொல்லுங்க: 6 மீட்டர் பி கிளாஸ் 21 கிலோவுக்கு மேல நிக்கணும். 19 காட்டினா அது ஏ கிளாஸ், பட்டை என்ன கலர்ல இருந்தாலும் சரி, திருப்பி அனுப்புங்க.